இடுக்கில் சிக்கிய முடி: பைலோனிடல் சைனசும் சிறுதுளை அறுவை சிகிச்சையும்

வால் எலும்புக்குச் சற்று மேலே, இரண்டு பிட்டங்களும் பிரிகிற இடுக்கில், உட்கார்ந்தால் வலிக்கிற ஒரு கட்டி வருகிறது. சில நாட்களில் அது தானாக உடைந்து சீழும் இரத்தமும் கசிகின்றன. வலி குறைகிறது. தொல்லை தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கும்போது, ஒன்றிரண்டு மாதம் கழித்து அதே இடம் மறுபடி வீங்குகிறது. இடையிடையே உள்ளாடையில் கறை, லேசான துர்நாற்றம், நெடுநேரம் நாற்காலியில் உட்கார முடியாத அவதி. பைலோனிடல் சைனஸ் பெரும்பாலும் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

பலர் இதை மூலம் என்றோ பவுத்திரம் என்றோ நினைத்துக்கொண்டு, அவற்றுக்கான மருந்தை மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். இது இரண்டும் அல்ல. மூலம் ஆசனவாயின் இரத்தநாளங்கள் புடைப்பதால் வருவது. பவுத்திரத்தின் பாதை ஆசனவாய்க்குள்ளே தொடங்கி வெளித்தோலில் வந்து திறக்கிறது. பைலோனிடல் சைனசுக்குக் குடலோடு எந்தத் தொடர்பும் இல்லை. தோலுக்கும் வால் எலும்பை மூடியிருக்கும் உறைக்கும் நடுவிலுள்ள கொழுப்புப் பகுதியில் உண்டாகும் ஒரு பொந்து அது. மலச்சிக்கலோ காரமான சாப்பாடோ இதற்குக் காரணம் அல்ல. காரணம் முடி.

பருவ வயதிலிருந்து முப்பதைத் தொடும் வரையிலான வயதினருக்கே இது அதிகம் வருகிறது. நாற்பதுக்கு மேல் புதிதாக வருவது அரிது. பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். நார்வேயில் எடுத்த ஒரு கணக்கு, ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 26 பேருக்கு வருவதாகச் சொன்னது. உயிரைப் பறிக்கும் நோய் அல்ல. ஆனால் தேர்வு எழுதும் வயதில், முதல் வேலையில் சேரும் வயதில் வந்து, ஆளை உட்காரவிடாமல் செய்கிறது. வந்த இடம் அப்படி என்பதால் வீட்டில்கூடச் சொல்ல முடியாமல் எத்தனையோ பிள்ளைகள் மறைக்கிறார்கள். மறைக்க எந்த அவசியமும் இல்லை. அறுவை சிகிச்சை மருத்துவர்கள் வாரந்தோறும் பார்க்கிற சாதாரண நோய் இது.

முடி எப்படித் தோலுக்குள் போகிறது?

தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நீளவாக்கில் வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள். முடி ஒரே இடத்தில் நிற்காது. வேர் இருந்த முனையை முன்னே நீட்டிக்கொண்டு ஒரே திசையில் நகரும். முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் விளிம்புகள் எல்லாம் நுனிப் பக்கமாகப் பார்த்திருப்பதால், முடி வேர்ப்பக்கமாக எளிதில் வழுக்கிப் போகும். திரும்பி வர முயன்றால் செதில்கள் மாட்டிக்கொள்ளும். சிறுவர்கள் புல்கதிரைச் சட்டைக் கைக்குள் செருகிவிட்டு, அது தானாக மேலே ஏறுவதைப் பார்த்துச் சிரிப்பார்களே, அதே வித்தைதான்.

பிட்ட இடுக்கில் இந்த வித்தைக்கு எல்லா வசதியும் இருக்கிறது. முதுகிலிருந்தும் தலையிலிருந்தும் உதிர்கிற முடி அங்கே வந்து சேர்கிறது. முடி வெட்டும்போது சிதறும் குட்டையான, இரு முனையும் கூரான துண்டுகளும் இந்தப் பொந்துகளுக்குள் கிடப்பதை ஜெர்மனியில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நடக்கும்போதும் உட்கார்ந்து எழும்போதும் இரண்டு பக்கத் தோலும் ஒன்றோடொன்று உரசி முடியை உருட்டுகின்றன. வியர்வையில் தோல் ஊறி மென்மையாகியிருக்கிறது. இடுக்கின் நடுக்கோட்டில் விரிந்துபோன ஒரு முடிக்கால் இருந்தால் போதும், முடியின் முனை அதற்குள் நுழைகிறது. அடுத்தது அதன் பின்னாலேயே போகிறது. உள்ளே போன முடியை உடல் அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. அழற்சி, சீழ், பொந்து என்று வரிசையாகத் தொடர்கிறது.

நடுக்கோட்டில் தெரியும் நுழைவாயில்கள் மிகச் சிறியவை. ஊசியால் குத்தியதுபோல் ஒன்றோ, வரிசையாக மூன்று நான்கோ இருக்கும். சில சமயம் ஒரு முடி அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். சீழ் வெளியேறும் பெரிய வாய் வேறு. அது வழக்கமாக நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி, மேலே ஒரு பக்கமாகத் திறக்கும். நோயாளியின் கண்ணில் படுவது இந்த இரண்டாவது வாய்தான். நோய் தொடங்கிய இடமோ அந்தச் சின்னத் துளைகள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எல்லாச் சிகிச்சைகளும் எளிதில் புரியும்.

பெரிய வெட்டின் காலம்

பாஸ்டனைச் சேர்ந்த ஹாட்ஜஸ் என்ற மருத்துவர் 1880இல் இந்த நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் இதைப் பிறவியிலேயே வந்த ஒரு பை என்றே மருத்துவ உலகம் நம்பியது. பிறவிப் பை என்றால் துளி மிச்சமில்லாமல் தோண்டி எடுத்தால்தானே தீரும்? அப்படித்தான் தோண்டினார்கள். தோல், கொழுப்பு எல்லாவற்றையும் எலும்புறை வரை அகற்றிவிட்டு, குழியைத் திறந்தே விட்டு ஆறவைப்பார்கள். அல்லது நடுக்கோட்டிலேயே இழுத்துத் தைப்பார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது இதன் விலை தெரிந்தது. 1942க்கும் 1945க்கும் இடையே கிட்டத்தட்ட 80,000 அமெரிக்கப் படைவீரர்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கரடுமுரடான பாதையில் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போனவர்களுக்கு அதிகம் வந்ததால் ‘ஜீப் நோய்’ என்றே இதைக் குறிப்பிட்டார்கள். குண்டடி படாத இளைஞர்கள், அறுத்த புண் ஆறுவதற்காக வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். ஆறிய பலருக்கும் நோய் திரும்பியது.

பிறவிக் கொள்கையை அசைத்தது ஒரு முடிதிருத்துநரின் கை. 1946இல் லண்டன் மருத்துவர்கள் பேட்டியும் ஸ்கார்ஃபும், முடிதிருத்துநர்களுக்கு விரலிடுக்கில் இதே நோய் வருவதைச் சுட்டிக்காட்டினார்கள். அங்கே குத்தி உள்ளே போயிருப்பது அவருடைய முடியே அல்ல, வாடிக்கையாளரின் முடி. விரலிடுக்கில் பிறவிப் பை எப்படி வரும்? பிட்டத்தில் எல்லாவற்றையும் தோண்டி எடுத்த பிறகும் நோய் திரும்புவதற்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. பொந்தை அகற்றினாலும் இடுக்கு அப்படியே இருக்கிறது, முடியும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. புதிய தழும்போ நடுக்கோட்டிலேயே, முடி நுழைய வாகான இடத்திலேயே இருக்கிறது.

இதிலிருந்து பிறந்ததுதான் குறைந்த வெட்டுச் சிகிச்சை, அதாவது சிறுதுளை சிகிச்சை. பொந்தின் சுவர் முழுவதையும் அகற்ற வேண்டியதில்லை, ஏனென்றால் உள்ளே பெரும்பாலும் தோலின் உறை கிடையாது. இருப்பது அழற்சியால் வளர்ந்த சிவந்த சதை. முடியை எடுத்துவிட்டு, அந்தச் சதையைச் சுரண்டிவிட்டு, நுழைவாயில் துளைகளை மட்டும் அகற்றினால் பொந்து உள்ளிருந்து தானாகத் தூர்ந்துவிடும். 1965இல் இங்கிலாந்தில் லார்டும் மில்லரும் துளைகளைச் சிறிதாக வெட்டியெடுத்து, சிறு தூரிகையால் உள்ளேயிருந்த முடியைத் துடைத்தெடுத்தார்கள். 1980இல் அமெரிக்காவின் ஓரிகானைச் சேர்ந்த ஜான் பாஸ்கம் நடுக்கோட்டுத் துளைகளை நெல்மணி அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு, பொந்தைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வழியாகச் சுத்தம் செய்தார். ‘பிட் பிக்கிங்’ என்ற பெயரில் இன்றும் செய்யப்படும் சிகிச்சை அதுதான்.

இன்று எப்படிச் செய்கிறார்கள்?

இப்போது பரவலாகச் செய்யப்படும் ஒரு முறையை மட்டும் சற்று விரிவாகப் பார்க்கலாம். இஸ்ரேலைச் சேர்ந்த மோஷே கிப்ஸ் பல ஆண்டுகள் செய்து, 2008இல் 1,358 நோயாளிகளின் விவரங்களோடு வெளியிட்ட முறை இது. நோயாளி குப்புறப் படுக்கிறார். இரண்டு பிட்டங்களையும் அகலமான ஒட்டுப்பட்டையால் விலக்கி வைக்கிறார்கள். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். ஊசி போடும் அந்த ஓரிரு நிமிடம் எரியும், பிறகு அழுத்தம் மட்டும்தான் தெரியும். அடுத்து வருவது ட்ரெஃபைன் என்ற கருவி. முனையில் கூரான வட்ட விளிம்புள்ள சிறு குழாய் அது. நடுக்கோட்டுத் துளை ஒவ்வொன்றையும் சுற்றிச் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு இதைத் திருகி இறக்கினால், துளையும் அதன் தோற்சுவரும் சிறு உருளையாகக் கழன்று வருகின்றன. பக்கவாட்டுச் சீழ்வாயையும் அதே கருவியால் அகலப்படுத்துகிறார்கள். பிறகு நுண்ணிய இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவும்போது, சளியும் இரத்தமும் பூசிய கொத்துக் கொத்தான முடி வெளியே வரத் தொடங்குகிறது. பட்டாணியளவுத் துளையிலிருந்து விரலளவு முடிச்சுருள் வருவதும் உண்டு. முடி முழுதும் வந்த பிறகு உட்சுவரைச் சுரண்டி, திரவத்தால் கழுவி, தையல் போடாமல் துளைகளைத் திறந்தே விட்டுக் கட்டுப் போடுகிறார்கள். அன்றே வீடு திரும்பலாம்.

கிப்ஸின் நோயாளிகளுக்குப் புண் முழுதாக ஆறச் சராசரியாக மூன்றரை வாரம் ஆனது. தோண்டி எடுத்துத் திறந்தே விடும் பழைய முறையில் இரண்டு மூன்று மாதம் ஆவது சாதாரணம்.

இதே வேலையை உள்ளே எட்டிப் பார்த்தபடி செய்ய வழி கண்டவர் இத்தாலியின் பியர்கார்லோ மெய்னேரோ. 2014இல் அவர் வெளியிட்ட முறையை ‘எப்சிட்’ என்கிறார்கள். உள்நோக்கிவழி சிகிச்சை என்று தமிழில் சொல்லலாம். பவுத்திரத்துக்காக உருவான, ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள கேமராக் குழாயைச் சீழ்வாய் வழியாக நுழைக்கிறார்கள். திரவம் தொடர்ந்து உள்ளே பாய்ந்து பொந்தை விரித்து வைத்திருக்கும். திரையில் முடிகள் அந்த நீரோட்டத்தில் அசைவது தெளிவாகத் தெரியும். எந்தக் கிளைப்பாதையில் எத்தனை முடி ஒளிந்திருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சுவரை மின்முனையால் சுட்டுவிடுகிறார்கள். 2016இல் 250 நோயாளிகளைப் பற்றி வெளிவந்த ஆய்வில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு ஏறக்குறைய நான்கு வாரத்தில் ஆறியிருந்தது. கிளைகள் அதிகமுள்ள பொந்துக்கு இந்த முறை பொருத்தமானது என்பது என் எண்ணம். குறை என்னவென்றால், கருவி விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடையாது.

விளம்பரங்களில் அதிகம் அடிபடுவது லேசர். முடியையும் அழுக்கையும் அகற்றிய பிறகு, சுற்றிலும் ஒளியைப் பாய்ச்சும் மெல்லிய இழையைப் பொந்துக்குள் விட்டு, மெதுவாகப் பின்னிழுத்தபடி உட்சுவரைச் சுருக்குவார்கள். பெரும்பாலும் 1,470 நானோமீட்டர் அலைநீளமுள்ள டயோடு லேசரைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் லேசர் முடியை எடுப்பதில்லை. அதை மருத்துவரின் கைதான் எடுக்க வேண்டும். உள்ளே முடியை மிச்சம் வைத்துவிட்டுச் சுவரைச் சுட்டால், எந்த விலையுயர்ந்த கருவியும் அந்த நோயைக் குணமாக்காது. ‘அரை மணி நேரத்தில் நிரந்தரத் தீர்வு’ என்று எழுதிய பலகையைப் பார்த்தால், பொந்தை எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று கேளுங்கள். துருக்கியில் பரவலாகச் செய்யப்படும், பீனால் என்ற அரிக்கும் வேதிப்பொருளின் படிகத்தைக் கொண்டு செய்யும் சிகிச்சையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. முடியை அகற்றிவிட்டு, பொந்துக்குள் பீனால் படிகத்தை வைத்து, அது உருகிச் சுவரைக் கரிக்க விடுகிறார்கள். சுற்றியுள்ள தோலில் படாமல் களிம்பு தடவிக் காக்க வேண்டும். செலவு மிகக் குறைவு.

திரும்பி வருமா?

வரலாம். இதை மூடி மறைக்காமல் சொல்கிற மருத்துவரை நம்பலாம். கிப்ஸ் தன் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஓராண்டில் 6.5 சதவீதம், ஐந்தாண்டில் 13.2 சதவீதம், பத்தாண்டில் 16.2 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. ஒரே ஆண்டின் கணக்கை வைத்து எந்தச் சிகிச்சையையும் எடைபோடக் கூடாது என்பதற்கு இந்த எண்களே சான்று.

இன்னொரு பக்கம், பெரிய அறுவை சிகிச்சைகளில் சில, நோய் திரும்புவதைப் பெருமளவு தடுக்கின்றன. ஏதென்ஸ் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் கேரிடாகிஸ் ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு, தையலை நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு நகர்த்தி, இடுக்கின் ஆழத்தைக் குறைக்கும் முறையைச் செய்தார். அவரிடம் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். பாஸ்கம் பின்னாளில் உருவாக்கிய ‘கிளெஃப்ட் லிஃப்ட்’ முறையும், பக்கத்துத் தோலைச் சாய்சதுரமாகத் திருப்பி வைக்கும் லிம்பெர்க் முறையும் இதே நோக்கத்தோடு செய்யப்படுபவை. இவற்றில் வெட்டு பெரிது, தழும்பு பெரிது, வேலைக்குத் திரும்பக் கூடுதல் நாளாகும்.

ஆகவே முதல் முறை வந்த, ஒன்றிரண்டு துளைகளும் சிறு பொந்தும் உள்ள ஓர் இளைஞருக்குப் பெரிய வெட்டைப் பரிந்துரைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சிறுதுளை சிகிச்சையில் தொடங்கலாம். திரும்பி வந்தால் அதையே மறுபடி செய்யவும் முடியும், பெரிய சிகிச்சைக்கும் வழி அடைபடுவதில்லை. ஆனால் பலமுறை அறுத்து நடுக்கோட்டில் ஆறாத புண்ணோடு இருப்பவர், பல வாய்கள் திறந்து பரவிய நோயுள்ளவர், இடுக்கு மிக ஆழமாக உள்ளவர் ஆகியோருக்குச் சிறுதுளை போதாமல் போகலாம். அவர்களுக்குப் பக்கவாட்டுத் தையல் முறைகள்தான் கைகொடுக்கும். தோண்டி எடுத்து நடுக்கோட்டிலேயே நேராகத் தைக்கும் பழைய முறையை மட்டும் யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். புண் பிரிவதும் நோய் திரும்புவதும் அதில் அதிகம் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொல்லிவிட்டது.

சீழ் கட்டியிருக்கும்போது

காய்ச்சல், சிவந்த வீக்கம், விண்விண் என்று தெறிக்கும் வலி இருந்தால், அன்றே சீழை வெளியேற்ற வேண்டும். ஆன்டிபயாட்டிக் மாத்திரையால் மட்டும் கட்டிய சீழ் வடியாது. கீறும் இடம் நடுக்கோட்டிலிருந்து விலகியிருப்பது நல்லது; நடுக்கோட்டில் கீறிய புண்ணைவிடப் பக்கவாட்டில் கீறியது சுமார் மூன்று வாரம் முன்னதாக ஆறுவதாக ஓர் ஆய்வு கண்டது. நிலையான சிகிச்சையை அழற்சி அடங்கிய பிறகு, சில வாரங்கள் கழித்துச் செய்வதே பெரும்பாலோர் வழக்கம். ஒரே முறை சீழ் எடுத்ததோடு நோய் திரும்பாதவர்களும் உண்டு. துளைகள் இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு அறுவை சிகிச்சையே தேவையில்லை. இடத்தைச் சுத்தமாக வைத்துக் கவனித்துவந்தால் போதும்.

சிறுதுளை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் மறுநாளிலிருந்து நடக்கலாம், மெத்தென்ற இடத்தில் உட்காரலாம். ஒன்றிரண்டு வாரம் இளஞ்சிவப்பு நீர் கசியும். கண்டு அஞ்ச வேண்டாம். தினமும் ஓடும் தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, இடுக்கில் ஒரு துணிப்பஞ்சு வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒட்டாமல் காற்றோட்டம் இருக்கும். துளை வெளியே மூடிக்கொண்டு உள்ளே மூடாமல் போனால் மறுபடி சீழ் தங்கும் என்பதால், வாரம் ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டுவது அவசியம். அப்போது புண்ணுக்குள் விழுந்த புது முடியையும் அவர் எடுத்துவிடுவார். முடி வெட்டிக்கொண்டு வந்தால் உடனே குளித்து முதுகையும் இடுக்கையும் கழுவுங்கள்.

அந்த இடத்து முடியை என்ன செய்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சவரக்கத்தியால் மழிக்கக் கூடாது. நெடுநாள் மழித்துவந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறையவில்லை, கூடியது என்று 2009இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு காட்டியது. கத்தி விட்டுச்செல்வது கூரான முனையுள்ள குட்டை முடிகளையும் கீறல்பட்ட தோலையும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. லேசர் முடிநீக்கம் வேறு. இது பொந்தைச் சுடும் லேசர் அல்ல. தோலின் மேலிருந்து முடிக்காலைச் செயலிழக்கச் செய்வது. அமெரிக்காவின் ஓஹாயோவில் பதின்பருவத்தினரும் இளைஞர்களுமாக முந்நூறு பேரிடம் நடத்தி, 2024இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் 33.6 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. லேசர் முடிநீக்கமும் சேர்த்துச் செய்துகொண்டவர்களில் அது 10.4 சதவீதம். பல அமர்வுகள் தேவைப்படும், செலவும் ஆகும். அதற்கு வசதிப்படாதவர்கள் முடிநீக்கும் களிம்பைப் பயன்படுத்தலாம். புண் முழுதும் ஆறிய பிறகு, முதலில் கையில் தடவி ஒவ்வாமை இல்லை என்று பார்த்துக்கொண்டு.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சில கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். என் நோயில் நடுக்கோட்டுத் துளைகள் எத்தனை? நீங்கள் செய்யப்போவது எந்த முறை, இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? தையல் போட்டால் அது எந்தக் கோட்டில் வரும்? எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? திரும்பி வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக ஆறாமல் கிடக்கும் புண் என்றால், அதிலிருந்து சிறு சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். மிக அரிதாக அப்படிப்பட்ட பழம்புண்ணில் தோல் புற்றுநோய் தோன்றியதுண்டு.